வேலிக்கு எந்தப் பக்கம்? ஜப்பானில் அமெரிக்கப் படைக் குடும்பங்களும் கைக்குழந்தைகளும்

2019 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியுரிமைத் துறை ஒரு கொள்கை அறிவிப்பை வெளியிட்டது. வெளிநாட்டில் பணியாற்றும் படைவீரர்களின் குழந்தைகளுக்கு இனி குடியுரிமை கிடையாது என்று ஒரே நாளில் செய்தி பரவியது. அறிவிப்பு உண்மையில் தொட்டது ஒரு சிறு பிரிவினரைத்தான். பிறக்கும்போதே குடியுரிமை பெறும் குழந்தைகள் அதில் வரவே இல்லை. அந்தச் சிறு பிரிவினரின் சிக்கலையும் 2020 மார்ச்சில் வந்த சட்டத் திருத்தம் சரிசெய்துவிட்டது. ஆனால் குழப்பத்துக்கு அடியில் இருந்த நம்பிக்கை இன்னும் போகவில்லை. ‘ராணுவத் தளம் என்றால் அது அமெரிக்க மண்’ என்ற நம்பிக்கை அது.

அது அமெரிக்க மண் அல்ல. ஜப்பானில் மூன்று வருடம் குழந்தைகளோடு வாழப் போகும் குடும்பத்துக்கு நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, எந்த இடத்தில் எந்த விதி செல்லும் என்று தெரியாததால் வருபவை.

அடிப்படை: யார், எங்கே, எந்த ஒப்பந்தத்தில்

ஜப்பானில் சுமார் 55,000 அமெரிக்கப் படையினர் இருக்கிறார்கள். யொகோசுகாவில் ஏழாம் கடற்படைப் பிரிவும் அதன் விமானந்தாங்கிக் கப்பலும் உள்ளன. தோக்கியோவின் மேற்கே யொகோத்தா, வடக்கே மிசாவா, தெற்கே ஒகினாவாவில் கடேனா ஆகியவை விமானப்படைத் தளங்கள். இவாகுனியில் மரீன் படையின் விமான நிலையம், சசெபோவில் கடற்படைத் தளம். ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள ஒகினாவாவில்தான் அமெரிக்கப் படைகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் சுமார் 70 சதவீதம் இருக்கிறது.

இவர்களின் சட்ட நிலையைத் தீர்மானிப்பது 1960-இல் கையெழுத்தான படைநிலை ஒப்பந்தம். படைக் குடும்பங்கள் அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சோஃபா’ என்பார்கள் (கூடத்தில் கிடக்கும் சோஃபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). நிலம் ஜப்பானுடையது, அமெரிக்காவுக்கு இருப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். குடும்பத்தினர் யார் என்பதையும் இதே ஒப்பந்தம் வரையறுக்கிறது:

1. கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.
2. பெற்றோரும் 21 வயதைத் தாண்டிய பிள்ளைகளும், அவர்களின் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் படைவீரரையே சார்ந்திருந்தால் மட்டும்.

இரண்டாவது விதி தமிழர்களுக்கும் பொருந்திய ஒன்று. 2009-இல் தொடங்கி 2016-இல் புதிய சேர்க்கை நின்றுபோன ‘மாவ்னி’ திட்டத்தில், அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களும் மொழித்திறனைக் காட்டிப் படையில் சேர முடிந்தது. ஏற்கப்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்த ஒருவரின் வீட்டில் பிள்ளைப்பேறு என்றால், ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கத் தோன்றும். ஆனால் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் அந்த வீரரைச் சார்ந்திராத பாட்டி ஒப்பந்தத்துக்குள் வரமாட்டார். இந்தியக் கடவுச்சீட்டில் ஜப்பானியக் குறுகியகால விசா எடுத்து, அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். படை வீட்டில் தங்குவதற்கு வீட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் படையின் காப்பீடு ஒரு யென்னும் தராது. பயணக் காப்பீடு எடுக்காமல் அழைத்துவரக் கூடாது.

புறப்படும் முன்: ஆணையில் பெயர் இருக்கிறதா?

குடும்பத்தோடு போகும் பணிக்காலம் பொதுவாக 36 மாதம், தனியாகப் போனால் 24 மாதம். குடும்பத்தோடு போவதற்கு ‘கமாண்ட் ஸ்பான்சர்ஷிப்’ தேவை. அதாவது, இந்த மனைவியும் இந்தக் குழந்தைகளும் அரசுச் செலவில் வருகிறார்கள் என்று மாற்றல் ஆணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாமல் சொந்தச் செலவில் குடும்பத்தைக் கூட்டிவந்தால் வீடு, படித்தொகை, பள்ளி இடம், திரும்பிப்போகும் பயணச்செலவு என எல்லாமே சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

அந்த ஒப்புதலுக்கு முன் வருவது தகுதிப் பரிசோதனை. குடும்பத்தில் ஒவ்வொருவரின் மருத்துவ, பல், கல்விப் பதிவுகளும் போகும் தளத்துக்கு அனுப்பப்படும். ‘இந்தக் குழந்தைக்குத் தேவையான சிகிச்சை உங்களிடம் உண்டா’ என்று கேட்டு, அங்கிருந்து பதில் வரும். யொகோசுகாவிலும் ஒகினாவாவிலும் கடற்படை மருத்துவமனைகள் உள்ளன. சசெபோ, இவாகுனி போன்ற இடங்களில் இருப்பவை சிறிய மருத்துவ நிலையங்கள். அதனால் ஒரே குழந்தை ஒரு தளத்துக்குத் தகுதி பெற்று இன்னொன்றுக்குத் தகுதி இழக்கலாம்.

பெற்றோர் செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. இரண்டரை வயதுக் குழந்தை இன்னும் பேசவில்லை, ஒரு முறை வலிப்பு வந்தது என்பவற்றை, ‘எழுதினால் மாற்றல் ரத்தாகிவிடும்’ என்று மறைத்துவிடுகிறார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்துக்குப் படை மருத்துவத் துறையின் தொடக்கநிலைப் பயிற்சிச் சேவை இருக்கிறது. மூன்று முடிந்ததும் அந்தப் பொறுப்பு பாதுகாப்புத் துறைப் பள்ளிகளுக்குப் போகும். ஆனால் பேச்சுப் பயிற்சியாளரின் இடம் நிரம்பியிருந்தாலோ, நரம்பியல் நிபுணர் இல்லாவிட்டாலோ, குடும்பம் மட்டும் முன்னதாகத் திருப்பி அனுப்பப்படும். வீரர் ஜப்பானிலேயே இருப்பார். மறைத்துக் காப்பாற்றிய மாற்றல், ஒரு பிரிவில் போய் முடியும்.

புறப்படும் முன் முடிக்க வேண்டிய இன்னும் மூன்று:

1. ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு கடவுச்சீட்டு. கட்டணமில்லாத ஒன்று அரசுப் பயணத்துக்கு, சாதாரணமான ஒன்று விடுமுறைப் பயணத்துக்கு. முதலாவதை வைத்துக்கொண்டு தாய்லாந்துக்குச் சுற்றுலா போக முடியாது.
2. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் பேசுவது. இரண்டு மாத வயதிலிருந்து போடலாம். இரண்டு தவணை, இடையில் 28 நாள். கடைசி வாரத்தில் நினைத்தால் நடக்காது.
3. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மருத்துவ உதவியான மெடிக்கெய்டை மாநில அரசிடம் பெறும் குழந்தை என்றால் அது கடல்தாண்டி வராது என்று கணக்கில் கொள்வது. தாய்-சேய் ஊட்டச்சத்து உதவிக்கு மட்டும் படையின் தனி வெளிநாட்டுத் திட்டம் உண்டு.

மருந்துப் பெட்டி

ஜப்பானின் போதைப்பொருள் சட்டம் மருத்துவர் சீட்டைப் பார்த்து இரங்காது. கவனக்குறைவுக்கும் மிகையியக்கத்துக்கும் அமெரிக்காவில் சாதாரணமாக எழுதித் தரும் அட்ரால் ஆம்ஃபெட்டமின் வகை. அதை ஜப்பானுக்குள் கொண்டுவருவதும் அஞ்சலில் வரவழைப்பதும் குற்றம். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகளும் தடைசெய்யப்பட்டவை. பாட்டி அன்போடு அனுப்பும் மருந்துப் பொட்டலத்தில் இது இருந்தால், விசாரணை பெறுநரிடம்தான் வரும். மற்ற மருந்துகளில், சீட்டின்பேரில் வாங்கியது ஒரு மாத அளவு, கடையில் நேராக வாங்கியது இரண்டு மாத அளவு வரை கொண்டுவரலாம். மேல்போனால் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும்.

பால்மாவிலும் ஒரு பொறி உண்டு. ஜப்பானிய டப்பாவில் வரும் கரண்டி 20 மில்லி நீருக்கு ஒன்று. அமெரிக்க டப்பாவின் கரண்டி 60 மில்லிக்கு ஒன்று. கரண்டிகள் இடம் மாறினால் பால் மூன்றில் ஒரு பங்காக நீர்த்துப்போகும், அல்லது மும்மடங்கு கெட்டியாகும். இரண்டுமே பச்சிளங்குழந்தைக்கு ஆபத்து. ஜப்பானிய மாவை 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கரைத்து, பிறகு ஆறவைக்கச் சொல்வார்கள். கரண்டியை அதன் டப்பாவோடு சேர்த்தே வீசிவிடுவது நல்லது.

பிரசவம்: மண் அல்ல, பெற்றோர்

தளத்து மருத்துவமனையில் பிறந்தாலும் குழந்தை ஜப்பானில் பிறந்ததாகவே கணக்கு. ஜப்பான் பிறந்த மண்ணை வைத்துக் குடியுரிமை தருவதில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றோர் வழியாகத்தான் வர வேண்டும்.

1. பெற்றோர் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள் என்றால், அவர்களில் ஒருவர் எப்போதாவது அமெரிக்காவில் வசித்திருந்தால் போதும்.
2. திருமணமான தம்பதியில் ஒருவர் மட்டும் குடிமகன் என்றால், அவர் குழந்தை பிறக்கும் முன் ஐந்து ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். அதில் இரண்டு ஆண்டுகள் 14 வயதுக்குப் பிறகு. வெளிநாட்டில் கண்ணியமாகப் படைப்பணி செய்த காலமும் இதில் சேரும்.
3. இருவருமே பச்சை அட்டைக்காரர்கள் (கிரீன் கார்டு, அதாவது அமெரிக்காவில் நிரந்தரமாக வாழும் உரிமை மட்டும் உள்ளவர்கள்) என்றால் குழந்தை அமெரிக்கக் குடிமகன் ஆகாது. பெற்றோர் நாட்டுக் குடியுரிமையை நாட வேண்டும். இந்தியர்கள் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும்.

ஜப்பானியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த குழந்தை ஜப்பானியக் குடியுரிமையையும் பெறும். 14 நாளுக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு வரிசை இப்படிப் போகும். மருத்துவமனை தரும் பிறப்பு ஆவணம், தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்பு அறிக்கையும் கடவுச்சீட்டும், கடவுச்சீட்டில் ஒப்பந்த நிலைக்கான முத்திரை, படையின் குடும்பப் பதிவேட்டில் சேர்ப்பு. வெளிநாட்டில் பிறந்த குழந்தையைக் காப்பீட்டில் சேர்க்க 120 நாள் அவகாசம். அமெரிக்காவில் அது 90 நாள்தான்.

இந்த வரிசை எங்கே அறுந்துபோகும்? அப்பாவின் கப்பல் கிளம்பிவிட்ட இடத்தில். 16 வயதுக்குட்பட்ட குழந்தையின் கடவுச்சீட்டுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதம் வேண்டும். வர முடியாதவர் டி.எஸ்-3053 படிவத்தைச் சான்றுறுதியோடு (நோட்டரி) தர வேண்டும். அது 90 நாளில் காலாவதியாகும். அமெரிக்கக் குடியுரிமை அப்பா வழியாகத்தான் வருகிறது என்றால், தான் தந்தை என்பதற்கும் அமெரிக்காவில் இருந்த காலத்துக்கும் உறுதிமொழியாக டி.எஸ்-5507 படிவமும் தேவை. குழந்தை பிறந்து பெயர் வைத்த பிறகுதான் முதல் படிவத்தை நிரப்ப முடியும் என்பதால் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கும் யோசனை பலிக்காது. பெரிய கப்பல்களில் சான்றுறுதி செய்யும் சட்ட அதிகாரி இருப்பார். எந்தப் படிவம், யாரிடம், எந்த மின்னஞ்சலுக்கு என்பதை அப்பா கிளம்பும் முன்பே அவரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சிறிய தளங்களில் இருப்பவர்கள் ஜப்பானிய மருத்துவமனையில் பிரசவிக்க நேரும். அங்கே சுகப்பிரசவத்துக்கே ஐந்து நாள் அளவில் தங்கவைப்பார்கள். முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி வலி குறைப்பது அமெரிக்கா அளவுக்குப் பரவலாக இல்லை. வேண்டும் என்றால், செய்யும் மருத்துவமனையை முதலிலேயே தேடிப் பதிவு செய்ய வேண்டும். செலவைக் காப்பீடு நேரடியாகக் கட்ட முன்அனுமதிக் கடிதம் தேவை. அவசரத்துக்கு அது தேவையில்லை. தளத்துக்கு வெளியே ஆம்புலன்ஸுக்கு 119. வண்டி இலவசம். ஆனால் ஏற்றிக்கொள்ளும் மருத்துவமனை கிடைக்கும்வரை வண்டி புறப்படாமல் வாசலிலேயே நின்று தொலைபேசுவதுண்டு. பழக்கமில்லாதவர்களுக்கு அந்த நிமிடங்கள் பதற்றம் தரும், ஆனால் அங்கே அதுதான் நடைமுறை.

வீடும் வண்டியும்

வெளியே வாடகைக்கு இருந்தால் வெளிநாட்டு வீட்டுப்படி கிடைக்கும். உள்நாட்டுப்படியைப் போல் இது மொத்தத் தொகையாகக் கைக்கு வருவதில்லை. வாடகைக்கென வருவது உச்சவரம்புக்கு உட்பட்டு உண்மையான வாடகை மட்டுமே. மிச்சம் பிடிக்க வழியில்லை. வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத ‘ரெய்கின்’ நன்றிப் பணம், முகவர் கட்டணம் இரண்டையும் தனியான குடிபுகும் படியில் கோரலாம், ரசீது இருந்தால்.

மின்சாரம் 100 வோல்ட். பெரும்பாலான அமெரிக்கச் சாதனங்கள் ஓடும். ஆனால் சூடேற்றும் கருவியின் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தில் குறைவதால், 120 வோல்ட் புட்டி சுத்திகரிப்பான் சுமார் 30 சதவீதம் வலுவிழக்கும். பத்து நிமிட வேலைக்கு பதினான்கு நிமிடம் ஆகும். 

வண்டியைப் பெரும்பாலோர் அங்கேயே பழையதாக வாங்குகிறார்கள். நம்பர் பலகையில் ஜப்பானிய ஹிரகானா எழுத்துக்குப் பதில் ‘ஒய்’ போன்ற ஆங்கில எழுத்து இருப்பதால் படை வண்டி என்று யாருக்கும் தெரிந்துவிடும். மஞ்சள் பலகை ‘கெய்’ கார் மலிவு, வரி குறைவு. ஆனால் அகலம் 1.48 மீட்டருக்குள், இருக்கை நான்குதான். இரண்டு குழந்தை இருக்கைகள் பொருத்தினால் மூன்றாவது குழந்தைக்கு இடமே இல்லை. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் குழந்தை இருக்கை 2000 ஏப்ரலிலிருந்து சட்டப்படி கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு. தளத்துக்குள் இதைவிடக் கடுமையான விதி இருக்கலாம், அப்போது கடுமையானதைப் பின்பற்ற வேண்டும்.

காப்பகத்தில் ஏன் இடமில்லை

தளத்துக் குழந்தைக் காப்பகத்தில் ஆறு வாரக் குழந்தையிலிருந்து சேர்ப்பார்கள். கட்டணம் குடும்பத்தின் மொத்த வருமானத்தைப் பொறுத்தது. இணையத்தில் பதிந்து காத்திருக்க வேண்டும். மாற்றல் ஆணை கைக்கு வந்த அன்றே பதிவது நல்லது. கைக்குழந்தை அறைக்கு வரிசை நீள்வதற்குக் காரணங்கள் இரண்டு. நான்கு குழந்தைக்கு ஒரு பணியாளர் என்ற விகிதம் கட்டாயம். அந்தப் பணியாளர்களில் பலரும் படைவீரர்களின் மனைவிமார். கணவருக்கு மாற்றல் வந்தால் அவர்களும் போய்விடுவார்கள். புதியவருக்குப் பின்னணிச் சோதனை முடியும்வரை, தொட்டில்கள் காலியாக இருந்தாலும் அறையைத் திறக்க முடியாது. கட்டடம் பெரிதாக்கினால் தீரும் சிக்கல் அல்ல இது.

அடுத்த வழி, சான்று பெற்ற வீட்டுக் காப்பகம். அங்கே பல வயதுக் குழந்தைகள் சேர்ந்திருந்தால், இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. ‘பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார்’ என்பதற்கும் எல்லை உண்டு. தளத்து வீட்டில் வாரம் 10 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பிறர் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் சான்று பெற்றாக வேண்டும்.

வேலிக்கு வெளியே ‘ஹோய்குஎன்’ எனும் பகல்நேரக் காப்பகங்களின் இடங்களை நகராட்சி, குடியிருப்போர் பதிவேட்டை வைத்துப் பங்கிடுகிறது. படைக் குடும்பங்கள் அந்தப் பதிவேட்டில் இல்லை. மிஞ்சுவது தனியார் ‘யோச்சிஎன்’, மூன்று வயது முடிந்தவர்களுக்கான மழலையர் பள்ளி. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும், விண்ணப்பம் முந்தைய இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். ஜூலையில் வந்திறங்கும் குடும்பம் இதைத் தவறவிடுவது வழக்கம். உள்ளே போடும் காலணி, உணவுப் பெட்டி, கைக்குட்டை, ஒவ்வொரு வண்ணக் குச்சி வரை பெயர் எழுத வேண்டும். பிற்பகல் இரண்டு மணியளவில் விட்டுவிடுவார்கள். குழந்தை ஜப்பானிய மொழியை அள்ளிக்கொண்டு வரும், ஆனால் வேலைக்குப் போகும் தாய்க்கு இது தீர்வாகாது.

கப்பல் போன பிறகு

யொகோசுகாவின் விமானந்தாங்கி வழக்கமாக வசந்த காலத்தில் கிளம்பி, கோடையில் இடைவெளி விட்டு, மீண்டும் போய், ஆண்டின் இறுதியை ஒட்டித் திரும்பும். அதன் விமானப் பிரிவு இருப்பது இவாகுனியில். அதனால் கடற்கரைத் தளமான யொகோசுகாவில் கப்பல் கிளம்பும்போது, நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் இவாகுனி வீடுகளிலும் அப்பா இல்லாமல் போகிறார்.

தனிப் பெற்றோரும், கணவன் மனைவி இருவருமே படையில் இருப்பவர்களும், எழுத்துப்பூர்வமான குடும்பப் பராமரிப்புத் திட்டம் தர வேண்டும். உடனடியாகக் குழந்தையை வாங்கிக்கொள்ள அருகில் ஒருவர், நீண்ட காலத்துக்கு ஒருவர். நீண்டகாலப் பொறுப்பாளர் அமெரிக்காவிலோ இந்தியாவிலோ இருந்தால், குழந்தையை அங்கே கொண்டுசேர்ப்பது யார், டிக்கெட் யார் செலவு என்பதும் எழுதியிருக்க வேண்டும். பல திட்டங்கள் காகிதத்தில் மட்டும் நிற்பது இந்த இடத்தில்தான். குழந்தை பிறந்ததும் தாய், தந்தை இருவருக்கும் தலா 12 வார விடுப்பு 2022 டிசம்பர் முதல் உண்டு. ஆனால் எப்போது எடுப்பது என்பதைக் கப்பலின் அட்டவணையோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

புயல், நிலநடுக்கம், வெளியேற்றம்

ஒகினாவாவில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை எச்சரிக்கை நிலை 4-இலேயே இருக்கும். அதாவது 72 மணி நேரத்துக்குள் புயல் வரலாம் என்ற பொருளில். நிலை 3 என்றால் 48 மணி, 2 என்றால் 24, 1 என்றால் 12. காற்று 50 நாட், அதாவது மணிக்கு சுமார் 93 கிலோமீட்டரைத் தொட்டால் யாரும் வெளியே வரக் கூடாது. பால்மாவும் அரையாடையும் (டயப்பர்) வாங்க வேண்டியது 3-இல். 2-க்குப் பிறகு தளத்துக் கடை அலமாரிகள் காலி.

நிலநடுக்கத்துக்கு ஜப்பான் சொல்லும் ‘ஷிந்தோ’ எண் அந்தந்த ஊரில் உணரப்பட்ட அதிர்வு. 0 முதல் 7 வரை பத்துப் படிகள், 5-உம் 6-உம் இரண்டிரண்டாகப் பிரியும். ரிக்டரோடு ஒப்பிடக் கூடாது. தொட்டிலுக்கு மேலே அலமாரி இல்லாமல் பார்த்துக்கொள்வதும் இழுப்பறைப் பெட்டியைச் சுவரோடு பிணைப்பதும் வந்த முதல் வாரத்து வேலை.

பெரும் பேரிடர் என்றால் குடும்பங்களை நாட்டிலிருந்து வெளியேற்றும் நடைமுறை இருக்கிறது. 2011 மார்ச் நிலநடுக்கத்துக்கும் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கும் பிறகு, விரும்பிய குடும்பங்கள் படை ஏற்பாட்டில் அமெரிக்கா திரும்பின. அப்போது கடவுச்சீட்டு கைவசம் இல்லாதவர்கள் முதலில் அதைத் தேட வேண்டியிருந்தது. எப்போதும் கட்டி வைத்திருக்க வேண்டிய பையில் இருக்க வேண்டியவை:

1. எல்லோருடைய கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, மாற்றல் ஆணையின் நகல்.
2. முன்கூட்டியே நிரப்பிய டி.டி-2585 படிவம். அமெரிக்காவில் இறங்கும்போது பதிவுக்குத் தேவை.
3. மூன்று நாள் உணவு, மருந்து, பால்மா, தண்ணீர்.
4. கொஞ்சம் யென், கொஞ்சம் டாலர், ரொக்கமாக.
5. அரையாடை. ஜப்பானில் அளவு எடையை வைத்துத்தான்: எஸ் 4 முதல் 8 கிலோ, எம் 6 முதல் 11 கிலோ. பிறந்தபோது கட்டிய பையில் எஸ் அப்படியே கிடக்கும், குழந்தை எம்-மைத் தாண்டியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பையைத் திறந்து மாற்ற வேண்டும்.